நிலவேம்பு சாறு – டெங்கு பிளாக் அஸ்ஸே: எம்.டி.டி.யில் செல் நலம், பிளேட்டில் பிளாக் காணோம். ஈ.சி.50 போடலாமா?

மோனோலேயர்24:

வணக்கம். நிலவேம்பு குடிநீர் சூரணத்தை டெங்கு வைரஸ் இரண்டாம் வகைக்கு எதிராக வெரோ செல்களில் (குரங்குச் சிறுநீரகச் செல் வகை) சோதித்துக்கொண்டிருக்கிறேன். செய்முறை இதுதான்.

சாறு: சூரணம் 5 கிராம், தண்ணீர் 240 மி.லி., கொதிக்கவைத்து 60 மி.லி.யாகச் சுண்டவைத்து வடிகட்டி லயோஃபிலைஸ் செய்த (உறையவைத்து உலர்த்திய) தூள். அதை நேரடியாக மீடியாவில் கரைத்து 0.22 மைக்ரான் ஃபில்டரில் விட்டேன்.

எம்.டி.டி. (செல் உயிர்ப்புச் சோதனை): 96 குழி பிளேட், 10% எஃப்.பி.எஸ். (மாட்டுக் கருச் சீரம்), 48 மணி நேரம். மில்லிக்கு 500 மைக்ரோகிராமில் 92% செல் உயிரோடு. 1000-இல் 104%.

பிளாக் (செல் விரிப்பில் வைரஸ் போடும் ஓட்டைகளை எண்ணுவது): 24 குழி பிளேட், குழிக்கு ஒன்றரை லட்சம் செல், கண்ட்ரோலில் 40 பிளாக் வரும் அளவு வைரஸ். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, வைரஸை எடுத்துவிட்டு, 1.5% சி.எம்.சி. ஓவர்லே (வைரஸ் மிதந்து பரவாமல் மேலே ஊற்றும் கெட்டி மீடியா, 2% எஃப்.பி.எஸ்.). சாறு ஓவர்லேயில்தான் சேர்த்தேன். 6 நாள். ஃபார்மலினில் நிலைநிறுத்தி, கிரிஸ்டல் வயலட் சாயம்.

முடிவு: 500-இல் பிளாக் ஒன்றுகூட இல்லை. 125-இல் எண்ணிக்கை கண்ட்ரோல் அளவுக்கே இருக்கிறது, ஆனால் எல்லாம் பொடிப்பொடியாக. 31-இல் எந்த வித்தியாசமும் இல்லை. 500 குழிகளில் ஊதா நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. கழுவும்போது போயிருக்கும் என்று சீனியர் சொன்னார். பாசிட்டிவ் கண்ட்ரோலாக (வைரஸைத் தடுக்க வேண்டிய ஒப்பீட்டு மருந்து) ரிபாவிரின் 50 மைக்ரோமோலார் வைத்தேன், அதுவும் ஒன்றும் செய்யவில்லை.

இதை வைத்து ஈ.சி.50 (வைரஸைப் பாதியாகக் குறைக்கும் அடர்வு) கணக்குப் போட்டு எழுதலாமா?

—

குழிஎண்ணி:

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே மூன்று இடம் உறுத்துகிறது.

முதலில் அந்த 104%. சாற்றின் அளவு கூடக்கூட செல் உயிர்ப்பு ஏறுகிறது என்றால் செல்லைச் சந்தேகப்படுவதற்கு முன் எம்.டி.டி.யைச் சந்தேகப்பட வேண்டும். எம்.டி.டி. மஞ்சள், உயிருள்ள செல் அதை ஒடுக்கி ஊதா ஃபார்மசானாக மாற்றும். பாலிஃபீனால் நிறைந்த மூலிகைச் சாறு செல்லே இல்லாமல் அந்த வேலையைச் செய்துவிடும். சோதிக்க அரை நாள் போதும்: செல் இல்லாத குழியில் ஒவ்வொரு அடர்விலும் சாறு கலந்த மீடியா 100 மைக்ரோலிட்டர், மில்லிக்கு 5 மில்லிகிராம் எம்.டி.டி. 10 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 4 மணி நேரம். ஊதா வந்தால் உங்கள் 92-ம் 104-ம் சாற்றின் எண்கள், செல்லின் எண்கள் அல்ல. பிளாங்க் (செல்லில்லாக் குழியின் அளவீடு) கழித்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சாறு செல்லுக்குள் போய் அங்கேயும் ஒடுக்கும், அதைக் கழிக்க முடியாது. சாற்றை உறிஞ்சி எடுத்து, பி.பி.எஸ். உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவி, புது மீடியாவில் எம்.டி.டி. போட்டால் பெரும்பாலும் சரியாகும். அதோடு வேறு தத்துவத்தில் ஓடும் ஒரு அஸ்ஸே கூடவே வேண்டும்: நியூட்ரல் ரெட் (உயிருள்ள செல் உள்வாங்கும் சாயம்) அல்லது எல்.டி.ஹெச். (சேதமான செல்லில் இருந்து கசியும் நொதி).

இரண்டாவது, நச்சுத்தன்மையை ஒரு சூழலிலும் வைரஸை இன்னொரு சூழலிலும் அளந்திருக்கிறீர்கள். அங்கே 48 மணி நேரம், 10% சீரம். இங்கே 6 நாள், 2% சீரம். சீரத்திலுள்ள ஆல்புமின் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீரம் குறைந்தால் அதே 500 மைக்ரோகிராமில் செல்லைத் தொடும் பங்கு கூடும். சி.சி.50-ஐ (செல்லில் பாதியைக் கொல்லும் அடர்வு) பிளாக் பிளேட்டிலேயே எடுங்கள்: அதே 24 குழி, அதே ஓவர்லே, அதே 6 நாள், வைரஸ் மட்டும் கிடையாது. கிரிஸ்டல் வயலட் போட்டுக் கழுவிக் காயவைத்து, குழிக்கு 0.5 மி.லி. 10% அசெட்டிக் அமிலத்தில் சாயத்தைக் கரைத்து 590 நானோமீட்டரில் படியுங்கள். செலவு ஒன்றுமில்லை.

மூன்றாவது, வெளிறிய குழி. கழுவும்போது செல் பெயர்ந்தால் ஓரத்தில் கிழிசல் தெரியும், பிப்பெட் ஊற்றிய இடத்தில் பிறை வடிவில் வெள்ளை தெரியும், குழிக்குக் குழி மாறும். எல்லா 500 குழியிலும் ஒரே சீராக நிறம் மங்கியிருந்தால் செல் எண்ணிக்கையே குறைந்திருக்கிறது. பிளாக் என்பது உயிருள்ள செல் விரிப்பில் விழும் ஓட்டை. விரிப்பே நைந்திருந்தால் ஓட்டை கண்ணில் படாது. நலிந்த செல்லில் வைரஸும் சரியாகப் பெருகாது. பிளேட்டை இன்வெர்ட்டட் மைக்ராஸ்கோப்பில் 10எக்ஸில் வைத்துப் பாருங்கள், செல்லுக்குச் செல் இடைவெளி விழுந்திருக்கும்.

இன்னொன்று. 31, 125, 500 என்று நான்கு மடங்காகத் தாவியிருக்கிறீர்கள். 125-இல் 0%, 500-இல் 100% என்ற இரண்டு புள்ளியில் வளைவு போடவே முடியாது. இரண்டு மடங்குப் படிகளில் குறைந்தது ஆறு அடர்வு வையுங்கள். அப்போதும் இப்படிச் செங்குத்தாக விழுந்தால் அது நச்சுத்தன்மையின் கையெழுத்தாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

—

சி636:

125-இல் சிறுத்த பிளாக்தான் இந்த இழையில் சுவாரஸ்யமான சேதி. அதை விட்டுவிடாதீர்கள்.

பிளாக்கின் எண்ணிக்கை முதல் சுற்றில் எத்தனை வைரஸ் துகள் செல்லுக்குள் போய்ப் பிடித்தது என்பதைக் காட்டும். அளவு, அதற்குப் பிறகு எத்தனை வேகத்தில் பெருகிப் பக்கத்துச் செல்லுக்குப் பரவியது என்பதைக் காட்டும். நீங்கள் வைரஸ் ஒட்டிய பிறகுதான் சாற்றைச் சேர்த்தீர்கள், எனவே எண்ணிக்கை குறையாதது இயல்பு. அளவு குறைந்ததற்கு இரண்டு விளக்கம்: பெருக்கம் உண்மையிலேயே தடைபடுகிறது, அல்லது செல் சோர்ந்திருக்கிறது. 125-இல் செல் நலமாக இருப்பதை முன்னவர் சொன்ன முறையில் நிரூபித்துவிட்டால் முதல் விளக்கம் வலுக்கும். பிளேட்டை ஸ்கேன் செய்து இமேஜ்ஜே மென்பொருளில் ஐம்பது பிளாக்கின் விட்டம் அளந்தால் 'பொடிப்பொடி' என்பது எண்ணாகிவிடும்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். செல்லுக்கு முன்கூட்டி 2 மணி நேரம் சாறு கொடுத்து, கழுவி, பிறகு வைரஸ். வைரஸோடு சேர்த்து அந்த ஒரு மணி நேரம் மட்டும் சாறு. வைரஸை எடுத்துக் கழுவிய பிறகு சாறு. நான்காவதாக வைரஸை நேரடியாகச் சாற்றில் ஊறவைப்பது. இதில்தான் பலர் ஏமாறுவது. சூரணத்தில் டானின் இருக்கும். டானின் எந்தப் புரதத்தையும் பிடித்து ஒட்டும், வைரஸ் உறையையும் பிடிக்கும். அதைப் பார்த்து 'வைரஸ் கொல்லி' என்று எழுதினால் தேயிலை டிகாஷனுக்கும் அதையே எழுத வேண்டிவரும்.

ஊறவைக்கும் சோதனையின் கணக்கு: மில்லிக்கு ஒரு லட்சம் பி.எஃப்.யூ. (பிளாக் உண்டாக்கும் துகள்) உள்ள வைரஸ் 100 மைக்ரோலிட்டர், மில்லிக்கு 1000 மைக்ரோகிராம் சாறு 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு 100 மடங்கு நீர்த்தால் சாறு 5 மைக்ரோகிராமுக்கு இறங்கிவிடும். உங்கள் 31-இலேயே விளைவில்லை என்பதால் அது பாதுகாப்பான அளவு. வைரஸ் மில்லிக்கு 500-ஆக நிற்கும், குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டால் 50 பிளாக். சாறில்லாத கண்ட்ரோலும் அதே ஒரு மணி நேரம் 37 டிகிரியில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் டெங்கு அந்தச் சூட்டில் தானாகவே கொஞ்சம் டைட்டர் (தொற்றும் வைரஸின் அளவு) இழக்கும். டானின் மீது சந்தேகம் இருந்தால் சாற்றை, டானினைப் பிடித்து நீக்கும் பாலிவினைல்பாலிபைரோலிடோனில் குலுக்கி வடித்து, முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

ஓவர்லே இல்லாத, வெளிவரும் வைரஸ் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் ஈல்ட் ரிடக்‌ஷனும் செய்யுங்கள்: எம்.ஓ.ஐ. 0.1 (பத்துச் செல்லுக்கு ஒரு வைரஸ்), 48 மணி நேரம், சூப்பர்நேட்டன்ட்டை (செல்லின் மேலுள்ள திரவம்) எடுத்து டைட்டர். அங்கேயும் பொறி உண்டு. 500 குழியின் சூப்பர்நேட்டன்ட்டைப் பத்து மடங்கு நீர்த்தால் அதில் இன்னும் 50 மைக்ரோகிராம் சாறு இருக்கிறது. நூறு மடங்கு நீர்த்தலில் இருந்து மட்டும் எண்ணுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம்: சாற்றைக் கரைத்ததும் மீடியாவின் நிறத்தைப் பாருங்கள். ஃபீனால் ரெட் மஞ்சளுக்குப் போனால் பி.ஹெச். இறங்கியிருக்கிறது. அதைத் திருத்தாமல் செய்தால் நீங்கள் அளப்பது புளிப்பின் விளைவை.

—

நெகட்டிவ்ஸ்ட்ராண்ட்:

ரிபாவிரின் பற்றி யாரும் சொல்லலையே. வெரோவில் அது எடுபடாது. மருந்து செல்லுக்குள்ள போய் பாஸ்பேட் ஏறினாதான் வேலை செய்யும். வெரோவுல அது ரொம்பக் குறைவு. உங்க அஸ்ஸே பழுதுன்னு அர்த்தம் இல்ல, கண்ட்ரோல் தேர்வுதான் தப்பு. என்.ஐ.டி.டி.008 (டெங்குவை அடக்குற ஆய்வுச் சேர்மம்) கிடைச்சா 10 மைக்ரோமோலார்ல தொடங்கிக் கீழ இறக்குங்க. கிடைக்கலைன்னா மைக்கோபீனாலிக் அமிலம், அதுவும் 10-ல இருந்து. அது குவானோசின் உற்பத்தியைத்தான் அடைக்குது. ஒரு குழியில குவானோசின் 100 மைக்ரோமோலார் சேர்த்தா வைரஸ் திரும்பி வரணும். வந்தா அஸ்ஸே சரியா ஓடுதுன்னு நிம்மதியா இருக்கலாம்.

வெரோ பத்தி இன்னொண்ணு. அந்தச் செல்லுல டைப் ஒன் இன்டர்ஃபெரான் மரபணுக்களே அழிஞ்சு போயிருக்கு. அதனாலதான் வைரஸ் அதுல இவ்வளவு நல்லா வளருது. நிலவேம்பு எதிர்ப்பாற்றலைத் தூண்டி வேலை செய்யுதுன்னு வாதம் வெச்சா, அதை வெரோவுல காட்டவே முடியாது. ஏ549 நுரையீரல் செல்லுலயும் செய்யுங்க. கல்லீரல் பக்கம் பாக்கணும்னா ஹ்யூ7.

கியூ.பி.சி.ஆர். (வைரஸ் ஆர்.என்.ஏ.வை அளக்கறது) செய்யச் சொல்லி ரிவ்யூவர் கேப்பாரு. சாறு கலந்த மாதிரியில இருந்து ஆர்.என்.ஏ. எடுத்தா பாலிஃபீனாலும் கூட வந்து பாலிமரேஸை அடக்கும், சி.டி. (சிக்னல் தெரியற சுழற்சி எண்) ஏறும், வைரஸ் குறைஞ்ச மாதிரி தெரியும். லைசிஸ் பஃபர்லயே எம்.எஸ்.2 பேஜ் (பாக்டீரியாவைத் தாக்குற வைரஸ்) ஒரே அளவு போட்டு எல்லா மாதிரியிலும் அதோட சி.டி. ஒண்ணா இருக்கான்னு பாருங்க. அப்பவும் ஆர்.என்.ஏ. எண்ணிக்கை தொற்றும் வைரஸ் எண்ணிக்கை ஆகாது. பிளாக்குக்குத் துணை, அவ்வளவுதான்.

ஒரு கேள்வி: 5 கிராம் சூரணத்துல லயோஃபிலைஸ் ஆன தூள் எவ்வளவு எடை வந்துச்சு?

—

மோனோலேயர்24:

மூவருக்கும் நன்றி. செல்லில்லா எம்.டி.டி. செய்தேன்: 250-க்கு மேல் நன்றாக ஊதா வருகிறது. பிளேட்டையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், 500-இல் செல்களுக்கிடையே இடைவெளி இருக்கிறது. 1 மில்லிகிராம் கரைசலில் மீடியா ஆரஞ்சுக்குப் போகிறது, மஞ்சள் இல்லை.

தூள் 0.9 கிராம் வந்தது.

இன்னொரு சிக்கல்: வார்டில் இருந்து வந்த ஒரு ஐசோலேட்டையும் (நோயாளியிடமிருந்து பிரித்த வைரஸ்) சேர்க்கச் சொல்கிறார்கள். அது வெரோவில் பிளாக்கே தரவில்லை, மங்கலாக ஏதோ தெரிகிறது. ஓவர்லேயிலும் சில பிளேட்டில் கட்டி.

—

நெகட்டிவ்ஸ்ட்ராண்ட்:

0.9 கிராம்னா கணக்குப் பாருங்க. பெரியவங்க உடம்புல ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். மில்லிக்கு 500 மைக்ரோகிராம் வரணும்னா 2.5 கிராம் சாறு ரத்தத்துல இருக்கணும். குடிச்ச 0.9 கிராமும் ஒண்ணு விடாம ரத்தத்துல சேர்ந்தாலும் 180 மைக்ரோகிராம்தான். நிஜத்துல குடல்ல உறிஞ்சப்படுறது அதுல சின்னப் பங்கு. அதனால 500-ஐ ஆய்வுக்கட்டுரையோட மையமா வைக்காதீங்க. 125-ம் அதுக்குக் கீழயும்தான் பேசத் தகுந்தது. அரசு மருத்துவமனையில குடிநீர் கொடுக்கறது சரியா தப்பாங்கறதுக்கு உங்க பிளேட் பதில் சொல்லாது. அந்த வாக்கியத்தை முடிவுரையில எழுதிடாதீங்க, பத்திரிகைக்காரங்க அதைத்தான் தலைப்பாக்குவாங்க.

செல்லுல நல்லா வேலை செஞ்சதே மனுஷன்ல தவறிப்போயிருக்கு. செல்கோசிவிர்ங்கற மருந்து எலியிலயும் காப்பாத்துச்சு; சிங்கப்பூர்ல 50 நோயாளிகள்ல சோதிச்சப்ப வைரஸ் அளவு குறையலை, 2014-ல வெளிவந்துச்சு. பாலாபிராவிர் வியட்நாம்ல தோத்துச்சு. டெங்குவுல காய்ச்சல் தெரியும்போதே ரத்தத்துல வைரஸ் உச்சத்துல இருக்கும், இல்லைன்னா இறங்க ஆரம்பிச்சிருக்கும். மருந்துக்குக் கிடைக்கிற அவகாசமே கம்மி.

—

சி636:

வார்டு ஐசோலேட் வெரோவில் தெளிவான பிளாக் தராமல் போவது சகஜம். சி6/36 கொசுச் செல்லில் 28 டிகிரியில் இரண்டு பாசேஜ் (புதுச் செல்லுக்கு மாற்றி வளர்க்கும் சுற்று) வளர்த்து டைட்டரை ஏற்றுங்கள். அதற்கு மேல் பாசேஜ் செய்தால் வைரஸ் செல்லுக்கேற்ப மாறிவிடும், பிறகு 'வார்டு ஐசோலேட்' என்று சொல்வதில் பொருளில்லை. அறுவடையில் சீரத்தை 20% ஆக்கி, 200 மைக்ரோலிட்டர் குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு குழாயை ஒருமுறைதான் உருக்க வேண்டும். மைனஸ் 20 ஃப்ரீசரில் வைத்த ஸ்டாக்கை நம்ப வேண்டாம்.

பிளாக்குக்குப் பதில், தொற்றிய செல் கூட்டத்தை ஆன்டிபாடியால் நிறமாக்கி எண்ணும் ஃபோகஸ் அஸ்ஸே. அதே ஓவர்லே, ஆனால் 3 நாளில் நிறுத்தி, ஃபார்மலினில் நிலைநிறுத்தி, 0.1% ட்ரைட்டான் எக்ஸ்-100-இல் 10 நிமிடம் துளையிட்டு, 4ஜி2 ஆன்டிபாடி, பிறகு ஹெச்.ஆர்.பி. நொதி ஒட்டிய இரண்டாம் ஆன்டிபாடி, கரையாமல் படியும் நிறம் தரும் சப்ஸ்ட்ரேட். எலிசாவுக்கான சாதாரண டி.எம்.பி. கரைந்துபோகும், புள்ளி நிற்காது. 4ஜி2 எல்லா ஃபிளேவிவைரஸின் உறைப் புரதத்தையும் பிடிக்கும், ஆகவே இன்ன டெங்கு வகை என்பதை பி.சி.ஆர்.இல் தனியே உறுதி செய்யுங்கள். 6 நாள் 3 நாளாகக் குறைவதால் சாற்றின் நச்சுத்தன்மைச் சிக்கலும் குறையும். அதற்காகவே இரண்டு வைரஸுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். சி.சி.50-ஐயும் அப்போது 3 நாளுக்கு எடுக்க வேண்டும்.

—

குழிஎண்ணி:

கட்டி பற்றி: சி.எம்.சி.யை மீடியாவில் நேரடியாகக் கொட்டாதீர்கள். மீடியம் விஸ்காசிட்டி சி.எம்.சி. 3 கிராமை, மேக்னெட் போட்ட காய்ந்த பாட்டிலில் முதலில் இட்டு, 100 மி.லி. தண்ணீர் ஊற்றி, கரையாவிட்டாலும் அப்படியே ஆட்டோகிளேவ் செய்யுங்கள். வெளியே எடுத்துச் சூடாக இருக்கும்போதே ஸ்டர்ரரில் வைத்து, பிறகு 4 டிகிரியில் இரவு முழுவதும் சுற்றவிட்டால் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். பயன்படுத்தும் நாளில் 37 டிகிரிக்குக் கொண்டுவந்து, 4% எஃப்.பி.எஸ். சேர்த்த இரட்டைச் செறிவு மீடியத்தோடு சமபங்கு. சாற்றை அந்த மீடியத்தில் இரட்டை அடர்வில் கலந்துவிட்டு அதன் பிறகு சி.எம்.சி.யோடு சேருங்கள், கெட்டியான ஓவர்லேயில் மேலே சொட்டினால் ஒரு பக்கம் 500, மறுபக்கம் 50 என்று நிற்கும். குழிக்கு 1 மி.லி., ஓரத்தில் சாய்த்து மெதுவாக.

ஆறு நாளும் இன்குபேட்டரைத் திறந்து பிளேட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள், பிளாக் வால் நட்சத்திரம் போல இழுபடும். ஃபார்மலின் முழுதாக ஒரு மணி நேரம் ஆன பிறகே பிளேட் ஹூடை விட்டு வெளியே வரலாம். புள்ளிவிவரத்தில் ஒரே நாளில் வைத்த மூன்று குழி ஒரு சோதனைதான். மூன்று வெவ்வேறு நாள், வெவ்வேறு பாசேஜ் செல் இருந்தால்தான் எண் மூன்று. முடிந்தால் சூரணமும் வேறு லாட். லாட்டுக்கு லாட் ஆண்ட்ரோகிராஃபோலைட் (நிலவேம்பின் முக்கியச் சேர்மம்) மாறும், ஹெச்.பி.எல்.சி.யில் 225 நானோமீட்டரை ஒட்டி ஒவ்வொரு லாட்டிலும் அதன் அளவை எடுத்து மெதட்ஸில் எழுதிவிடுங்கள்.