மறுமொழி: ‘பின்சந்தை உதிரிபாகம்’ – வேறு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

> பழைய டிராக் (drag – நேர்ப்பாதைக் குறுந்தூர) பந்தயக் கார்புரேட்டர்களில் எந்தப் பாகம் யாருடையது என்று கண்டுபிடிப்பதைப் பற்றிய அமெரிக்கக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். முதல் பத்தியில் ‘aftermarket part’ (வேறு நிறுவனம் செய்த மாற்றுப் பாகம்) என்பதற்கு ‘பின்சந்தை உதிரிபாகம்’ என்று எழுதிவிட்டு மேலே நகர முடியாமல் இருக்கிறேன்.

நகராமல் இருந்தது நல்லதாகப் போயிற்று, ஐயா. ‘பின்சந்தை’ என்றால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கூடும் வாரச்சந்தைதான் என் நினைவுக்கு வருகிறது. ‘உதிரி’யும் இங்கே பொருந்தாது. உடைந்தால் போடுவதற்கு வைத்திருப்பது உதிரி. பந்தயக்காரர் தன் ஹாலி நிறுவனக் கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் அளவைக் கட்டையைக் (metering block) கழற்றி வேறொருவர் செய்த கட்டையைப் பூட்டுவது பழையது உடைந்ததால் அல்ல. கால் மைல் ஓட்டத்தில் நொடியின் நூறில் ஒரு பங்கு குறையுமா என்று பார்ப்பதற்காக.

> பட்டறையில் ‘டூப்ளிகேட்’ என்கிறார்களே, ‘போலிப் பாகம்’ என்று வைத்துக்கொண்டால் என்ன?

கூடாது. தன்னைச் செய்தவரின் பெயரை மறைத்துக்கொண்டு இன்னொருவர் பெயரில் விலைபோவது போலி. நாம் பேசும் பாகங்கள் தம் பெயரை உரக்கச் சொல்பவை. பிராஸ்வெல், பேரி கிராண்ட், புரோஃபார்ம், குவிக் ஃபியூயல் ஆகிய தயாரிப்பாளர்களின் பெயர்களைப் பார்த்துத்தான் பலர் வாங்கினார்கள். தரத்தைப் பற்றிய தீர்ப்பைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டால், படிப்பவர் பாகத்தைப் பார்க்கும் முன்பே அதை ஒதுக்கிவிடுவார்.

> ‘அயலாக்கப் பாகம்’?

அயலாக்கம் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் வேலையை வெளியே கொடுத்துச் செய்விப்பதை அப்படி எழுதுகிறோம். அப்படிச் செய்விக்கப்பட்ட பாகம் அந்த நிறுவனத்தின் பெட்டியில், அதன் முத்திரையோடு வரும். நமக்கு வேண்டிய பொருளுக்கு அது நேர் எதிர்.

என் பரிந்துரை ‘வெளியார் பாகம்’. எதிர்ச்சொல் ‘கம்பெனிப் பாகம்’. பின்னது நம் பட்டறைகளில் நெடுநாளாக வழங்குவது. அதற்குத் தூய தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. இந்த இணை ‘யார் செய்தது’ என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்கிறது. எப்போது வாங்கியது, நல்லதா கெட்டதா என்பதையெல்லாம் வாக்கியத்தின் மற்றச் சொற்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கட்டுரையின் உள்ளடக்கத்தோடு உரசிப் பார்ப்போம். ஹாலியின் 4150 வகைக் கார்புரேட்டர் 1957இல் வந்தது. அதன் சோக் கோபுரத்தின் (சோக் தகடு இருக்கும், மேலே எழும்பிய வாய்ப்பகுதி) முகப்பில் ‘லிஸ்ட்’ என்ற சொல்லும் எந்த வகை என்று காட்டும் ஓர் எண்ணும் குத்தப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேதிக் குறி. பழையவற்றில் அது மூன்று இலக்கம்: ஆண்டின் கடைசி எண், மாதம், வாரம். 1970களில் அது நான்கு இலக்கமாயிற்று: முதல் மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும், கடைசி இலக்கம் ஆண்டையும் காட்டும். பத்தாண்டு எது என்பதை இரண்டு முறையுமே சொல்வதில்லை. அதை மற்றப் பாகங்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அந்தப் பாகங்களில் பாதி வெளியாருடையது என்றால் ஊகமும் சறுக்கும். ஆகவே கட்டுரையாளர் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே அடையாளம் காணச் சொல்கிறார். அவர் சொல்வதுதான் சரி. லிஸ்ட் எண் நடு உடலுக்கு மட்டுமே சாட்சி. அதில் பூட்டியிருக்கும் மிதவைக் கிண்ணத்துக்கோ அடித்தட்டுக்கோ அது பொறுப்பேற்காது.

அளவைக் கட்டையைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. கம்பெனியின் பழைய கட்டை துத்தநாகக் கலவை வார்ப்பு, பெரும்பாலும் பொன்மஞ்சள் பூச்சு, ஓரங்கள் மழுங்கியிருக்கும், எண் குத்தப்பட்டிருக்கும். வெளியார் கட்டை பல நேரம் முழு அலுமினியத்தைக் கடைந்து செய்தது, ஓரங்கள் கூர்மை, நீலமோ சிவப்போ சாயம் ஏறியிருக்கும். நடு உடலில்தான் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். புரோஃபார்ம் உடலில் சோக் கோபுரமே கிடையாது. ஆனால் கோபுரம் இல்லாததை மட்டும் வைத்து அதை வெளியார் பாகம் என்று முடிவுகட்டக் கூடாது. ஹாலியே பின்னாளில் பந்தயத்துக்கென்று கோபுரமில்லாத உடல்களை விற்றது. திருகிக் கழற்றக்கூடிய காற்றுத் துளைக் குழல்களும் (air bleeds) அப்படித்தான். பழைய உடலில் அவை அழுத்திப் பொருத்திய பித்தளைக் குழல்களாக இருக்கும். பிற்காலத்தில் கம்பெனியும் திருகுக் குழல் போட்டது. பட்டறைக்காரர்களும் பழைய உடலில் மரை வெட்டித் திருகுக் குழல் போட்டார்கள்.

மேலே கடைசியாகச் சொன்னதை என்னவென்று அழைப்பது? உடல் கம்பெனியுடையது, கைவேலை வெளியாருடையது. இதற்கு ‘திருத்திய கம்பெனிப் பாகம்’ என்று நீட்டியே எழுதலாம். சுருக்கினால் குழப்பம் வரும்.

> யாருக்கு வெளியார்? செவ்ரோலே கார் வைத்திருப்பவருக்கு ஹாலியே வெளியார்தானே?

இந்த இழையிலேயே சிறந்த கேள்வி இதுதான், அம்மா. லிஸ்ட் 3310 ஹாலியின் கார்புரேட்டர்; நிமிடத்துக்கு 780 கன அடி காற்று விடும். 1965இல் செவ்ரோலேயின் செவெல் இசட்-16 காரில் தொழிற்சாலையிலேயே பூட்டி வந்தது. அதே எண் பிறகு கடைகளில் தனியாகவும் விற்றது. முன்னது அந்தக் காருக்குக் கம்பெனிப் பாகம்; பின்னதை வேறு காரில் பூட்டினால் அந்தக் காருக்கு வெளியார் பாகம். மூலத்தில் உள்ள ஆங்கிலச் சொல் இந்த இரண்டு அடுக்கையும் ஒரே மூச்சில் விழுங்கிவிடுகிறது. தமிழில் ‘காருக்கு வெளியார்’, ‘கார்புரேட்டருக்கு வெளியார்’ என்று நான்காம் வேற்றுமை கொடுத்துப் பிரித்துவிடலாம். நம் மொழியில் வசதி இருக்கும்போது மூலத்தின் மங்கலை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. 1969இல் வந்த டாமினேட்டர் எனும் 4500 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் தொடங்கிய ப்ரோ ஸ்டாக் என்ற டிராக் பந்தயப் பிரிவில், 2016இல் மின்னணு எரிபொருள் பீச்சு முறை கட்டாயமாகும் வரை, நெடுங்காலம் கோலோச்சியது இதுதான். இத்தனை காலம் பந்தயத்தில் புழங்கிய கார்புரேட்டரில், ஒரு லிஸ்ட் எண்ணுள்ள உடலில் இன்னொரு லிஸ்ட் எண்ணுக்குரிய கட்டை ஏறியிருப்பது சாதாரணம். இரண்டும் ஹாலிதான், கட்டை வெளியார் பாகம் அல்ல, ஆனால் அந்த உடலோடு பிறந்ததும் அல்ல. இதற்கு ‘இடம்மாறிய பாகம்’ என்று முன்மொழிகிறேன். பழைய சாமான் வாங்குபவரின் பணம் அதிகம் போவது இங்கேதான் என்று நினைக்கிறேன். வெளியார் கட்டை பல நேரம் நிறத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்; இதைக் கண்டுபிடிக்க எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

குவிக் ஃபியூயலைப் பின்னாளில் ஹாலியே வாங்கிக்கொண்டது. அதனால் அதற்கு முன் செய்த கட்டைகள் கம்பெனிப் பாகமாகிவிடுமா? ஆகா என்பேன். செய்த நாளில் யார் செய்தார்களோ அதுவே கணக்கு. அகராதிக் குறிப்பில் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும்.

‘வெளியார்பாகம்’ என்று சேர்த்து எழுத வேண்டும் என்று ஒருவர் தனிமடலில் வற்புறுத்தியிருக்கிறார். எனக்கு இடம்விட்டு எழுதுவதே பிடித்திருக்கிறது. ‘வெளியார் கட்டை’, ‘வெளியார் கிண்ணம்’, ‘வெளியார் அடித்தட்டு’ என்று முன்சொல்லைக் கழற்றிப் பூட்ட அதுதான் வசதி. மாற்றுக் கருத்துள்ளவர்கள் இதே இழையில் எழுதுங்கள். மொழிபெயர்க்கும் நண்பர் அதுவரை இரண்டாம் பத்திக்குப் போகலாம். அங்கே ‘பூஸ்டர்’ என்ற சொல் காத்திருக்கிறது, அதை நான் அப்படியே விட்டுவிடுவேன்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்