அட்லாண்டாவிலிருந்து டாலஸ்: முன்பக்க நம்பர் பிளேட் கட்டாயமா?

கேள்வி: ஜார்ஜியாவில் வாங்கிய கார், பின்னால் மட்டும்தான் பிளேட். போன வாரம் டாலஸுக்குக் குடிவந்தோம். இங்கே எல்லா வண்டியிலும் முன்னாலும் பிளேட் இருக்கிறதே, போலீஸ் பிடிப்பார்களா அண்ணா?

பதில்: இப்போதைக்குப் பயம் வேண்டாம் தம்பி. எத்தனை பிளேட் என்பது வண்டி பதிவான மாநிலத்தின் சட்டம். ஜார்ஜியா பதிவு செல்லும்வரை ஒன்றே போதும். ஆனால் டெக்சாஸில் குடியேறியவர்கள் 30 நாளுக்குள் இங்கே பதிவை மாற்றியாக வேண்டும். முதலில் டெக்சாஸ் இன்சூரன்ஸ் எடுங்கள், அப்புறம் கவுண்டி டாக்ஸ் ஆபீஸ். அங்கே இரண்டு பிளேட் தருவார்கள், இரண்டையும் மாட்ட வேண்டும். நம்மில் பலர் ஒன்றை டிக்கியிலேயே போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள்!

ஊரில் முன்னும் பின்னும் என்று ஒரே விதி பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த நாடு குழப்பம்தான். ஃப்ளோரிடா, பென்சில்வேனியா, மிச்சிகன், வட கரோலினா எல்லாம் பின்னால் ஒன்று. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய், வர்ஜீனியாவில் இரண்டு. ஒஹையோ 2020 ஜூலையிலும் யூட்டா 2025 ஜனவரியிலும் முன் பிளேட்டைக் கைவிட்டன. அதனால் பழைய நண்பர் சொன்னதை அப்படியே நம்பாமல், அந்த மாநில மோட்டார் வாகனத் துறையின் தளத்தைப் பாருங்கள். பைக்குக்கு டெக்சாஸிலும் பின்னால் ஒன்றுதான்.

உண்மையான தலைவலி பம்பர். ஒரு பிளேட் மாநிலத்தில் விற்ற காரில் பெரும்பாலும் முன்னால் ஓட்டையே இருக்காது. உங்கள் மாடலுக்கான பிராக்கெட் வாங்கினால் போதும். டிரில் போட மனசு வராதவர்கள், இழுவைக் கொக்கி மாட்டும் துளையில் திருகும் பிராக்கெட் வாங்கிக்கொள்ளலாம். அதில் பிளேட் ஓரமாக நிற்கும், பார்க்க அவ்வளவு அழகில்லை.

கேள்வி: கண்ணாடிக்குப் பின்னால் டேஷ்போர்டில் வைத்தால்?

பதில்: வேண்டாம். வண்டியின் வெளிப்பக்கத்தில் மாட்ட வேண்டும். கருப்பு பிளாஸ்டிக் கவர், எழுத்தை மறைக்கும் ஃபிரேம் இதெல்லாமும் வம்பு.

முன் பிளேட் இல்லாமல் பிடிபட்டால் டெக்சாஸில் 200 டாலர் வரை அபராதம். கோர்ட்டில் முதல் ஆஜருக்கு முன்பே மாட்டிக் காட்டினால், 10 டாலருக்கு மேல் போகாத கட்டணத்துடன் நீதிபதி தள்ளுபடி செய்யலாம். தேதியை மட்டும் தவற விடாதீர்கள், வாரன்ட் வரை போகும். இன்னொன்று: போலீஸ் நிறுத்தினால் ஊரில் போல இறங்கிப் போய்ப் பேசக் கூடாது. கை இரண்டும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும், அவரே வருவார்.

பின்னாளில் காரை டீலரிடம் இல்லாமல் நேரடியாக இன்னொருவருக்கு விற்கும்போது பிளேட்டுகளைக் கழற்றிக்கொண்டு, விற்றதை டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறைக்கு ஆன்லைனில் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் ஓட்டுகிற டோல் பில் உங்கள் வீட்டுக்கு வரும்.