நியூயார்க் சிட்டி காலேஜ்: அரசு காலேஜ்தானே, சமாளிக்கலாமா?

தக்கலைக்காரி:
பிளஸ் டூ முடித்துவிட்டேன். சிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. அரசு காலேஜ், ஃபீஸ் குறைவாக இருக்கும் என்கிறார் அப்பா. ரப்பர் தோட்டத்தை அடகு வைக்கும் பேச்சு நடக்கிறது. வேலை பார்த்து மிச்சத்தைக் கட்டலாமா?

மார்த்தாண்டம் அண்ணன்:
மக்களே, அங்கேதான் படித்தேன். சலுகையெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்கு. நான் பார்த்த பட்டியலில் நமக்கு ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 620 டாலர். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டாவது எடுத்தே ஆகணும். அதுவே 7,440. வாடகை தனி. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் நாலு பேராக ஒரே வீட்டில் இருந்தோம். 7-ஆம் நம்பர் ரயில், டைம்ஸ் ஸ்கொயரில் 1-க்கு மாறி, 137-வது தெருவில் இறங்கி மேடு ஏறணும். ஜனவரியில் அந்த மேடு இருக்கிறதே!

வேலை கேம்பஸுக்குள் மட்டும், வகுப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம். லைப்ரரியில் புத்தகம் அடுக்கினேன். அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்குத்தான் காணும். அப்புறம், பக்கத்து டொமினிக்கன் கடையில் நம்ம மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) ‘யூக்கா’ என்ற பெயரில் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது அழுதுவிட்டேன்.

குளச்சல்காரன்:
வெளியே கடையில் ரகசியமாக வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. விசா போய்விடும். விசாவுக்காகக் காலேஜ் தரும் ஐ-20 படிவத்தை வாங்கவே முதல் வருடச் செலவுக்குப் பணம் காட்டணும்.

தக்கலைக்காரி:
சரி அண்ணே. பால்வெட்டு முடிந்து வந்த அப்பாவிடம் 620-ஐ 12-ஆல் பெருக்கிக் காட்டினேன். காபி ஆறியது, இன்னும் குடிக்கவில்லை.