நுவரெலியா காக்டெய்ல் டூர்: மூன்று பாரா, ஐந்து பாரா?

ஹட்டன்வாசி: ஆகஸ்டில் லண்டனிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். நுவரெலியாவில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களைக் காட்டி, இடையிடையே காக்டெய்ல் தரும் மாலை டூர் தேடுகிறேன். ஒரு கைட் மூன்றரை மணித்தியாலத்தில் மூன்று பார் என்கிறார். மற்றவர் அதே நேரத்தில் ஐந்து பார், விலையும் குறைவு. ஆறில் ஒருவர் குடிக்கமாட்டார். எது நல்லது?

மலைச்சாரல்: மூன்று. ஒரு கிளாஸுக்கு 50 மில்லி சாராயம் என்றால் ஐந்துக்கு 250 மில்லி. கால் போத்தலே 180 தான்! ஆகவே அளவைக் குறைத்துத்தான் ஊற்றுவார்கள். குறைக்காவிட்டால் நாலாவது பாரில் கைட் சொல்வது யார் காதிலும் ஏறாது. எத்தனை மில்லி, எந்தச் சாராயம் என்று முன்பே கேளுங்கள். கள்ளில் வடித்த தனித் தென்னஞ்சாராயம் தேசிக்காய்ப் புளியோடும் மணக்கும். மலிவான கலப்புச் சாராயத்தில் காரம்தான் மிஞ்சும். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

ஐஸ்கட்டி: தேயிலைக் காக்டெய்ல் இல்லாத டூர் வேண்டாம். நுவரெலியா வரை வந்து மொஹீட்டோ எதற்கு? அதிலும் தேயிலைச் சாயத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். 8 கிராம் தேயிலையை 400 மில்லி பச்சைத் தண்ணீரில் போட்டு, ஃபிரிட்ஜில் 8 மணித்தியாலம் வைத்து வடிப்பதே சரி. சுடுசாயத்தை ஐஸில் ஊற்றினால் ஐஸ் கரைந்து சப்பென்று போகும். கடுஞ்சாயத்தை ஆறவைத்துக் குளிரூட்டினால் டானினும் கஃபீனும் சேர்ந்து கலங்கிவிடும். கிளாஸுக்கு சாராயம் 50 மில்லி, சாயம் 60, தேசிச் சாறு 20, சீனிப்பாகு 15. சாறு போத்தலில் வந்ததென்றால் கசப்புத் தட்டும், கண்முன்னே பிழியச் சொல்லுங்கள். குடிக்காதவருக்கு சாராயத்தின் இடத்தில் மது இல்லாத ஜிஞ்சர் பியர் (இஞ்சிச் சோடா); அதைக் குலுக்கக் கூடாது, கடைசியில் மேலே ஊற்ற வேண்டும். அவருக்குக் கட்டணத்தையும் குறைக்கச் சொல்லுங்கள்.

ஹட்டன்வாசி: நன்றி. ஹில் கிளப்பும் லிஸ்டில் இருக்கிறது. ஏதாவது கவனிக்கணுமா?

மலைச்சாரல்: உடுப்பு! 1876 இல் தொடங்கிய கிளப். இரவில் ஆண்களுக்குக் கோட்டும் டையும் கேட்பார்கள். அங்கத்தவர் அல்லாதவருக்குத் தற்காலிக அங்கத்துவக் கட்டணமும் உண்டு, டூர் விலையில் அது சேர்ந்ததா?

லயத்துப்பெடியன்: போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் மது விற்கத் தடை, கலண்டரைப் பார்த்துவிட்டு முற்பணம் கட்டுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கும் கொடுக்கமாட்டார்கள். மெனு விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 18 வீதம் வற் வரி வந்தால் 5000 ரூபாய் 6490 ஆகும். இரவே ஹட்டன் திரும்புவதென்றால் வானுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். நானுஓயா, தலவாக்கலைப் பக்கம் பனி இறங்கினால் அந்த நேரத்தில் வர ஆள் தேடுவது கஷ்டம்.