மிருசுவில் தீர்ப்பும் பொதுமன்னிப்பும்: நீங்கள் கண்டதை எழுதுங்கள்

தென்மராட்சியான்:
2000 மே மாதம் யாழ்ப்பாணத்தில் எங்கள் சாவகச்சேரிப் பக்கம் சண்டை வந்ததும் வடமராட்சிக்கு இடம்பெயர்ந்தோம். அங்கே இருந்த காலம் முழுக்க அப்பாவுக்கு வீடு வளவு யோசனைதான். ஓடு கிடக்குதோ, கதவு நிலையைக் கழற்றிப்போட்டாங்களோ என்று இரவிலும் கேட்பார். எல்லாச் சனமும் அப்படித்தான். கொஞ்சம் அமைதி என்றால் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, விறகும் இரண்டு தேங்காயும் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த டிசம்பர் 19 எங்கள் பக்கத்து மிருசுவில் கிராமத்தில் ஆமியிடம் (இலங்கை ராணுவத்திடம்) பிடிபட்டவர்களும் வீடு வளவு பார்க்கப் போனவர்கள்தான். எட்டுப் பேரைக் கொன்று புதைத்தார்கள். அதில் ஒன்று ஐந்து வயதுப் பிள்ளை.

ஒருவர் தப்பி ஓடி வந்து சொன்னதால்தான் வழக்கே உண்டானது. 2015 ஜூனில் கொழும்பில் மூன்று நீதிபதிகள் விசாரித்து, சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட மற்ற நால்வரும் விடுதலை. 2019-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் தண்டனையை உறுதிசெய்தார்கள். 2020 மார்ச் 26 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை மன்னித்து வெளியே விட்டார். கொரோனா ஊரடங்கு நேரம். படலையைத் தாண்டி செத்தவர்களின் சனத்தோடு போய் இருந்து அழக்கூட முடியவில்லை. "இனி எந்தச் சாட்சி கூண்டில் ஏறுவான்?" என்று தம்பி கேட்டான். என்ன பதில் சொல்வது?

மூதூர்ப் பிள்ளை:
அண்ணா, திருகோணமலை மாவட்டத்தில் எங்கள் பக்கம் குமாரபுரத்தில் சாட்சிக்குக் குறைவே இல்லை. 1996 பெப்ரவரி 11 அன்று ஆமிக்காரர் ஊர்ச்சனம் 20 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். காயத்தோடு தப்பியவர்கள் ஆமிக்காரரை அடையாளமும் காட்டினார்கள். பிறகு வழக்கு அநுராதபுரத்துக்குப் போனது. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கையில் இருக்கும் தழும்பைத் தடவிக்கொண்டே அந்த நாளைச் சொல்லுவா, அழமாட்டா. 2016 ஜூலையில் ஜூரிகள் குற்றம் சாட்டப்பட்ட ஆறு ஆமிக்காரரையும் குற்றமற்றவர்கள் என்றார்கள். இருபது வருஷம் காத்திருந்தது அதற்குத்தான்.

சேலத்து வாசகர்:
வேலை விஷயமாக வியட்நாம் போனபோது அமெரிக்க ராணுவத்தினர் மை லாய் படுகொலையை நடத்திய சொன் மி கிராமத்துக்கும் போயிருந்தேன். சிமென்ட் நடைபாதையில் பூட்ஸ் தடமும் வெறுங்கால் தடமும் சைக்கிள் டயர் தடமும் பதித்து வைத்திருக்கிறார்கள். குழந்தைக் கால் அளவில் ஒரு தடம். அதன்மேல் மிதிக்க மனசு வராமல் ஓரமாக நடந்தேன். 1968 மார்ச் 16 அன்று அங்கே கொல்லப்பட்டவர்கள் 504 பேர் என்பது வியட்நாம் கணக்கு. தண்டனை பெற்றது லெப்டினன்ட் வில்லியம் கேலி ஒருவர்தான். 1971-ல் ஆயுள் தண்டனை. சில நாளிலேயே ஜனாதிபதி நிக்சன் அவரை வீட்டுக்காவலுக்கு மாற்றச் சொன்னார். 1974-ல் ஆள் வெளியே. மேலதிகாரிகள் ஒருவருக்கும் தண்டனை இல்லை. உங்கள் பதிவைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

தென்மராட்சியான்:
தங்கச்சி, அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கோ. ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். மிருசுவில் மன்னிப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்கு இதே கோட்டாபய கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில் அந்த நீதிமன்றம் செல்லாது என்றது. அதனால் நான் இன்னும் நம்பிக்கையை விடவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால், அந்தத் தீர்ப்பு மிருசுவிலுக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று எழுதுங்கள். ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.