பிங்க் ஃபிளாய்ட் 1967–68: சிங்கிளா, ஆல்பமா?

கறுப்புத்தட்டு:
ஒரு வாரமாக பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ஆரம்பப் பாட்டுகளை வெளிவந்த வரிசையிலேயே கேட்டேன். என் கட்சி இதுதான்: குழுவின் முதல் பாடகரும் பாடலாசிரியருமான சிட் பாரெட்டின் முழு வீச்சு சிங்கிள்களில்தான் (தனியாக விற்ற சிறு பாட்டுத்தட்டுகளில்தான்) இருக்கிறது. 'ஆர்னால்ட் லேன்' (மார்ச் 1967) கொடியில் காயும் பெண்கள் துணியைத் திருடுகிறவனின் கதை. ரேடியோ லண்டன் வானொலி ஒலிபரப்ப மறுத்தும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 20ஆம் இடம் வரை ஏறியது. 'சீ எமிலி ப்ளே' 6ஆம் இடம். இரண்டுமே மூன்று நிமிடம்கூட இல்லை. ஆகஸ்டில் வந்த முதல் ஆல்பத்திலோ 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' ஒன்பதரை நிமிடத்துக்கு மேல் இழுக்கிறது.

வேலூர் கிட்டார்:
இழுக்கிறதா? படி இறங்குவதுபோல் வரும் அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) கரைந்து, எங்கோ அலைந்து, கடைசியில் திரும்பும்போது ஒலி இடமும் வலமுமாக ஆடும். ஹெட்ஃபோனில் கேளுங்க நண்பா. லண்டனின் யூஎஃப்ஓ கிளப்பில் ராத்திரி ராத்திரியாக வாசித்து வளர்த்த பாட்டு அது. சிங்கிள்தான் உயிர் என்றால், அதே ஆண்டு நவம்பரில் வந்த 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்' ஏன் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை?

கறுப்புத்தட்டு:
அது சரியாக அமையாத பாட்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பில் முதல் பாட்டாக எதை வைத்தார்கள்? எமிலியை!

வேலூர் கிட்டார்:
வைத்துவிட்டு 'அஸ்ட்ரானமி டொமினே'யைத் தூக்கிவிட்டார்களே! அந்த ஆல்பத்தின் வாசற்கதவே அதுதான். 'பைக்', 'ஃப்ளேமிங்' இரண்டும்கூடப் போயின. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐந்தாவது ஆள்:
இருவரும் இரண்டாவது ஆல்பத்தை மறந்துவிட்டீர்கள். 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்', ஜூன் 1968. சிட் நழுவிக்கொண்டிருக்கிறார், கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் வந்துவிட்டார். இவர்கள் இருவரும் உட்பட குழுவின் ஐந்து பேரும் சேர்ந்து வாசித்த பாட்டு 'செட் தி கன்ட்ரோல்ஸ்' மட்டும்தான். தலைப்புப் பாட்டு பன்னிரண்டு நிமிடம். குழுவில் கட்டடக்கலை படித்த ராஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் அதை வரைபடம் போட்டுத்தான் அமைத்தார்கள். பின்னாளைய ஃபிளாய்ட் அங்கேதான் பிறக்கிறது.

கறுப்புத்தட்டு:
அதில் எனக்குப் பிடித்தது கடைசியில் வரும் சிட்டின் 'ஜக்பேண்ட் ப்ளூஸ்' ஒன்றுதான். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் பேண்டு உள்ளே நுழைகிற இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அது மூன்று நிமிடம்தான், கவனியுங்கள்.

வேலூர் கிட்டார்:
சிட் போனபின் வந்த சிங்கிள்களையும் கவனியுங்கள். 'இட் வுட் பீ சோ நைஸ்' ஓடவில்லை, 'பாயிண்ட் மீ அட் தி ஸ்கை'யும் ஓடவில்லை. அதன்பின் 1979 வரை பிரிட்டனில் அவர்கள் சிங்கிளே வெளியிடவில்லை.

கறுப்புத்தட்டு:
அதைத்தானே நானும் சொல்கிறேன். சிங்கிள் எழுதத் தெரிந்தவர் போய்விட்டார்.