மாதிரி ரயிலின் தண்டவாளம் துடைக்கும் வண்டியோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

திருப்பரங்குன்றத்தான் எழுதியது:

இங்கே இருப்பவர்கள் எல்லோருமே தண்டவாளத்தைத் துடைத்துத் துடைத்து விரல் கறுத்தவர்கள் என்பதால் முன்னுரை தேவையில்லை. என்னுடையது மொட்டைமாடி அறையில் இருக்கும் எச்.ஓ. அளவு (அசலில் 87-ல் ஒரு பங்கு) லேஅவுட், அதாவது மாதிரி ரயில் பாதை அமைப்பு. பித்தளைத் தொட்டியிலிருந்து வால்வு வழியாகத் திரவம் சொட்டி, அடியில் உள்ள கார்டுராய்த் துணியை நனைக்கும் சிஎம்எக்ஸ் வண்டியைப் பயன்படுத்துகிறேன். அன்று அதில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றியிருந்தேன். பெட்டிகளுக்குள் எரியும் விளக்குகளைத் தங்கை மகனுக்குக் காட்டுவதற்காக அறை விளக்கை அணைத்தேன். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஓடி, வளைவில் திரும்பிய எஞ்சினின் பின்சக்கரத்துக்கு அடியில் நீல நிறப் பொறி ஒன்று பளிச்சென்று வெட்டியது. அதற்கு ஒரு சாண் பின்னால், ஈரம் சொட்டச் சொட்ட அந்த வண்டி வந்துகொண்டிருந்தது. தீப்பிடிக்கவில்லை. "மாமா, இன்னொரு தடவை அதைச் செய்யுங்க" என்றான் பையன். அந்தத் திரவம் 12 பாகை செல்சியஸ் அளவிலேயே பற்றிக்கொள்ளக்கூடிய ஆவியை விடுவது. சித்திரை வெயிலில் மாடி அறை எவ்வளவு சுடும் என்பதை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது வண்டியையா, திரவத்தையா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

செல்லூர்த் தறிக்காரர் எழுதியது:

திரவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், உங்கள் தண்டவாளத்தின் மேல் இருப்பது என்ன அழுக்கு என்று பார்த்தீர்களா? எங்கள் தெருவில் தறி ஓடுவதால் நாள் முழுவதும் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். ஆடிக் காற்று அடிக்கும் மாதத்தில் அதோடு புழுதியும் சேர்ந்துகொள்ளும். உருளையில் துணி சுற்றிய வண்டி ஒன்றை வாங்கினேன். விற்றவர் ஈரத் துணியோடு ஓட்டச் சொன்னார், அப்படியே ஓட்டினேன். பாயிண்டை, அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தை, கடக்கும்போது, துணி ஓரத்தில் பிரிந்திருந்த ஓர் இழை பாயிண்டின் நாக்கு நுனியில் மாட்டிக்கொண்டது. எஞ்சின் நிற்காமல் இழுக்க, அந்த நாக்கு மெல்ல வளைந்து, இடத்தை விட்டு எழும்பி வந்ததைக் கை நீட்டுவதற்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி கவிழவில்லை, பாயிண்ட்தான் போயிற்று. அன்றிலிருந்து எந்தத் துணியை எடுத்தாலும் நான்கு பக்கமும் மடித்துத் தைத்த பிறகே வண்டியில் கட்டுகிறேன். பழைய வேட்டித் துணி இதற்கு நன்றாகவே உதவுகிறது. முதலில் உலர்ந்த துணியால் பஞ்சை எடுத்துவிட்டு, பிறகுதான் ஈரம். பஞ்சின் மேல் ஈரத்தைப் பூசினால் அது களிம்பாகித் தண்டவாளத்தோடு ஒட்டிவிடும்.

அரசரடி ஓய்வாளர் எழுதியது:

இரண்டு தம்பிகளுடைய பதிவுகளையும் படித்தேன். என் கதை சிறியது. பேரன் தன் எஞ்சின் ஓடவில்லை என்று கரகரப்பான ரப்பர் கட்டையால் தண்டவாளத்தைத் தேய்த்துக் கண்ணாடி போலப் பளபளக்க வைத்தான். ஆனால் சில நாளிலேயே எஞ்சின் முன்னைவிட மோசமாகத் தடுமாறியது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது, தண்டவாளத்தின் தலையில் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் ஓடியிருந்தன. ஒவ்வொரு கீறலுக்குள்ளும் கறுப்பு படிந்திருந்தது. அவ்வளவுதான் கதை.

இப்போது வண்டியைப் பற்றிச் சில செய்திகள். விலை கொடுத்து வாங்குவதற்கு முன்னால், அமெரிக்க மாதிரி ரயில்காரர் ஜான் ஆலன் பெயரால் அறியப்படும் பழைய முறையை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஒரு சாதாரண சரக்குப் பெட்டியின் அடியில் ஹார்டுபோர்டுத் துண்டு ஒன்றை, சொரசொரப்பான பக்கம் கீழே இருக்கும்படி, இரண்டு ஆணிகளால் மேலும் கீழும் அசையுமாறு தொங்கவிட்டால் போதும். அந்தத் துண்டின் முன், பின் ஓரங்களைச் சற்றுச் சரிவாகச் சீவிவிட்டால் தண்டவாள இணைப்புகளில் இடிக்காது. செல்லூர்த் தம்பிக்கு நேர்ந்தது இதில் நேராது, ஏனென்றால் பிரிவதற்கு இதில் இழையே கிடையாது. துண்டு கறுத்துவிட்டால் உப்புத்தாளில் தேய்த்து மறுபடியும் பயன்படுத்தலாம். இந்த வண்டியை எல்லா ரயிலிலும் ஒரு பெட்டியாகச் சேர்த்து ஓடவிடுவதே சரி. அழுக்கு சேர்ந்த பிறகு எடுப்பதைவிட, சேரவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இது பொருத்தமானது.

அடுத்தது, அழுக்கின் ஊற்று. பிளாஸ்டிக் சக்கரம் போட்ட பெட்டிகளும், பிடிப்புக்காக ரப்பர் வளையம் போட்ட எஞ்சின் சக்கரங்களும் ஓடுகிற வரையில் எந்த வண்டியை வாங்கினாலும் கறுப்பு திரும்ப வந்துகொண்டே இருக்கும். முதலில் பெட்டிகளுக்கு உலோகச் சக்கரம் போட வேண்டும். சக்கரத்தைத் துடைக்காமல் தண்டவாளத்தை மட்டும் துடைத்தால், அழுக்கு சக்கரத்திலிருந்து தண்டவாளத்துக்கே வந்து சேரும்.

திருப்பரங்குன்றத்துத் தம்பிக்கு: அந்த நீலப் பொறியும் கறுப்பை உண்டாக்குகிறது. ஆல்கஹால் முனைவுள்ள (மூலக்கூறின் இரு பக்கமும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட) கரைப்பான்; அந்த முனைவைக் காட்டும் டைஎலக்ட்ரிக் மாறிலி அதற்கு 18-ஐ ஒட்டி இருக்கும், மண்ணெண்ணெய்க்கு அது ஏறத்தாழ 2 மட்டுமே. முனைவுள்ள கரைப்பானால் துடைத்த தண்டவாளத்தில் நுண்பொறிகள் கூடும் என்பது அமெரிக்க மாதிரி ரயில்காரர்கள் பலர் இப்போது சொல்லும் வாதம். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது. துடைத்த பிறகு உலர்ந்த துணியை ஒருமுறை ஓடவிட வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்வேன்.

திருமங்கலத்து எழுத்தர் எழுதியது:

பெரியவர் சொன்ன மண்ணெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அது பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 38 பாகையை ஒட்டியது. கோடையில் தகரக் கூரை அறையும் அந்த அளவை எட்டிவிடுகிறது. ஆகவே ஆல்கஹாலைவிட அது பாதுகாப்பானது என்று எல்லா மாதத்திலும் சொல்லிவிட முடியாது. கையால் துடைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காய்ந்த பிறகு ஓட்டுவதே என் வழக்கம்.

என் அனுபவம் வேறு. என் லேஅவுட்டில் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்குச் சுழன்று ஏறும் பாதை இருக்கிறது. பித்தளைத் தொட்டி வண்டியை அதில் ஏற்றினால் ஒற்றை எஞ்சினால் இழுக்க முடிவதில்லை. ஈரமான துணி தரும் இழுவையும், தொட்டியின் எடையும் சேர்ந்து, பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றியது. நின்ற இடத்தில் தண்டவாளத்தின் தலையில் பள்ளம் விழுந்துவிடும் போலிருந்தது. இரண்டு எஞ்சின்களைக் கட்டிய பிறகு ஏறியது. ரப்பர் வளையம் வேண்டாம் என்று பெரியவர் சொல்வது சமதளத்துக்குச் சரி; ஏற்றத்தில் வளையம் இல்லாத ஒற்றை எஞ்சின் இந்த வண்டியோடு நகராது. இரண்டையும் ஒரே லேஅவுட்டில் எப்படிச் சமாளிப்பது என்று அவர் சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

மேலூர்ச் சின்னத்தடம் எழுதியது:

நீங்கள் எல்லோரும் எச்.ஓ.வைப் பற்றியே பேசுகிறீர்கள். இரு தண்டவாளங்களுக்கு இடையே 9 மில்லிமீட்டரே உள்ள என் சின்னத் தடத்தில் அந்தப் பித்தளைப் பாரமெல்லாம் நடக்காது. நான் ஜப்பானிய டோமிக்ஸ் நிறுவனத்தின் துடைப்பு வண்டியை வைத்திருக்கிறேன். தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் எடுத்துத் தன் மோட்டாரைச் சுழற்றும். காற்றாடியை மாட்டினால் தூசியை உறிஞ்சும், தேய்ப்புத் தட்டை மாட்டினால் துடைக்கும். நகர்வதற்கு மட்டும் எஞ்சின் வேண்டும். எங்கள் பக்கத்தில் கல் அறுக்கும் தூசி மிகுதி என்பதால் உறிஞ்சும் வசதிக்காகவே வாங்கினேன், அந்த வேலையை அது செவ்வனே செய்கிறது.

ஆனால் பாம்பன் பாலத்தின் மாதிரியைக் கடந்து மண்டபம் நிலையத்துக்குள் அது நுழைந்தபோது, அதன் ஓசை சட்டென்று மாறியது. வண்டியைத் தூக்கித் தொட்டியைத் திறந்தால், ஒட்டாமல் விட்டிருந்த சரளைக்கல்லோடு, நடைமேடை ஓரத்தில் நின்றிருந்த பச்சைச் சேலைப் பயணி ஒருவரும் உள்ளே இருந்தார். 1:160 அளவில் அவர் உயரம் ஒரு சென்டிமீட்டர்தான். சரளையைப் பசையால் நன்றாக ஒட்டாதவர்கள், பயணிகளை ஓரத்தில் நிறுத்துகிறவர்கள் ஆகியோர் இந்த வண்டியை வாங்குவதற்கு முன் இரண்டையும் சரிசெய்துகொள்ளுங்கள்.